வேளாவின் கொம்பும் காவிரியின் வாயும்

பட்டினப்பாலையில் ஒரு முழுநிலா நாள் வருகிறது. பரதவர் அன்று கடலுக்குப் போவதில்லை. சினையுற்ற சுறாவின் கோட்டை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வழிபடுகிறார்கள். தாழை சூடி, கள்ளுண்டு, மணலில் ஆடுகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இந்தக் காட்சியை நெய்தல் வழிபாட்டுக்குச் சான்றாக எடுத்தாளாத ஆய்வேடு குறைவு. அந்தக் கோடு எந்த மீனுடையது என்று நின்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு.

சுறாவுக்குக் கொம்பு கிடையாது. முகத்திலிருந்து தட்டையாக நீண்டு, இரு ஓரமும் பல் வைத்த அலகு நம் கரையோர மீன்களில் வேளாவுக்கு மட்டுமே உண்டு. விலங்கியலார் வேளாவைத் திருக்கையோடு சேர்ப்பார்கள்; செவுள் பிளவுகள் வயிற்றுப்புறம் இருப்பது அவர்கள் சொல்லும் காரணம். கரையோர வழக்கு அதை வேளாச்சுறா என்கிறது. இந்த வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும் என் வாதத்துக்குக் கேடில்லை. இரண்டும் குருத்தெலும்பு மீன்கள். மெல்ல வளர்ந்து, தாமதமாகப் பருவமெய்தி, சில குட்டிகளே போடுபவை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தியைப் பிடிக்கும் கணக்கில் இவற்றைப் பிடித்தால் கடல் ஈடுகொடுக்காது.

கொம்பைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். அடி அகன்று நுனி குறுகும். ஓரத்துப் பற்கள் ஒவ்வொன்றும் தனிக்குழியில் பதிந்து நிற்கும். அவை உண்மையில் பற்களே அல்ல. தோல் முட்கள் பெருத்து அப்படி ஆனவை. வாய்க்குள் இருக்கும் பற்கள் வேறு, மழுங்கியவை. கொம்பின் மேலும் கீழும் கண்ணுக்கு எளிதில் படாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. கலங்கிய நீரில் இரையின் உடலில் எழும் மின்துடிப்பை வேளா அவற்றால் உணர்கிறது. உணர்ந்ததும் கொம்பைப் பக்கவாட்டில் வீசி அடிக்கிறது. தேடுவதும் அடிப்பதும் ஒரே உறுப்பு. எனவே கொம்பிழந்த வேளா உயிரோடு நீந்திப் போனாலும் பட்டினியில்தான் முடியும்.

என் வாதம் 'சினை' என்ற அடையில் தொடங்குகிறது. வேளா முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி குட்டியின் கொம்பு உறை போர்த்தே வெளிவரும். பெருவேளா என்று சொல்லத்தக்க பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ் இனத்தின் தாய், ஈனும் காலத்தில் ஆற்றின் வாய்க்கு வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் இதைத் தொடர்ந்து ஆய்ந்திருக்கிறார்கள்: கழிமுகத்தை ஒட்டிப் பிறக்கும் குட்டிகள் ஆற்றில் ஏறி, நான்கைந்து ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. அப்படியானால் காவிரியின் வாயில் அமைந்த பட்டினத்தில், பரதவர் கையில் சினை வேளாவின் கொம்பு இருந்தது தற்செயலாக இருக்க வேண்டியதில்லை. பெரிய பெண் வேளா கரைக்கு மிக அருகே, ஆழமற்ற நீரில், சிறு கலத்துக்கும் எட்டும் தொலைவில் வரும் வேளை அதுதான். நெய்தல் பாடல்களில் இரவில் வரும் தலைவனுக்காகத் தோழி அஞ்சும் பொருள்களில் கழியில் திரியும் சுறாவும் ஒன்று என்பதையும் இதனோடு சேர்த்து வாசிக்கலாம். இன்றைய வாசகர் சுறாவை நடுக்கடலில் வைத்தே நினைத்துப் பழகியவர். அந்தப் பாடல்களின் சுறா உப்பங்கழிக்குள் இருக்கிறது.

ஓர் அடைமொழியின் தலையில் ஒரு சூழலியல் வரலாற்றை ஏற்றிவைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது யாப்பின் தேவைக்கு வந்த சொல்லாகவும் இருக்கலாம். இருந்தாலும் பாட்டும் உயிரியலும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தை, ஆற்றுவாயை, சுட்டுகின்றன. வேளாவைக் காக்க இன்று நம்மிடம் உள்ள சட்டம் அந்த இடத்தைச் சுட்டவில்லை என்பதே என் குறை.

இங்கே ஒரு பழகிய சறுக்கலைத் தவிர்க்க வேண்டும். வழிபட்டார்கள், ஆகவே காத்தார்கள் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நடப்பட்டது கொல்லப்பட்ட மீனின் கொம்பு. அதுவும் குட்டி சுமந்த தாயின் கொம்பு. பரதவர் வேளாவை அஞ்சினார்கள், மதித்தார்கள், கொன்றும் தின்றார்கள். அப்போது வேளாவைப் பிழைக்க வைத்தது பக்தி அல்ல, நூல். பருத்தியிலும் சணலிலும் முறுக்கிய வலை நீரில் ஊறி நைந்துபோகும். பெரிய வேளா அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நைலான் வந்தது, இழுவைமடி வந்தது, பின்னால் தங்கூசி வலையும் வந்தது. நீரில் கண்ணுக்குத் தெரியாத, ஊறாத, அறாத நரம்பு. மற்ற மீன்களுக்கு வலைக்கண் ஓர் அளவுச் சல்லடை: சிறியது தப்பும், பெரியது சிக்கும். வேளாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இரண்டடிக் குட்டிக்கும் பல் வைத்த கொம்பு இருக்கிறது. எந்தக் கண்ணளவிலும் அது மாட்டும். மாட்டியதும் மீன் தலையை இப்படியும் அப்படியும் வீசும். அடித்துப் பிழைக்கக் கற்ற அதே வீச்சுதான் வலையை இன்னும் நான்கு சுற்று சுற்றிக்கொள்கிறது. படகில் இருப்பவருக்கு இரண்டு வழி: வலையை அறுப்பது, அல்லது கொம்பை ஒடிப்பது. வலை கடனில் வாங்கியது.

சட்டத்துக்கு வருவோம். 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மீனவர் எதிர்ப்புக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. வேளா வகைகள் மூன்று அதில் தங்கின. அவற்றுள் ஒன்று பிரிஸ்டிஸ் மைக்ரோடான் என்ற பெயரில் இடம்பெற்றது. 2013இல் வகைப்பாட்டு ஆய்வு அந்தப் பெயரைக் கலைத்து பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸுக்குள் சேர்த்துவிட்டது. பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2007இல் ஏனைய வேளாக்களையும், 2013இல் எஞ்சிய மைக்ரோடானையும் முதல் பின்னிணைப்புக்குக் கொண்டுவந்தது. காகிதத்தில் வேளா புலிக்குச் சமம். முதல் அட்டவணை உயிரைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளும் சிறை.

இந்தக் கடுமையின் விளைவைக் கரையில் நின்று யோசிக்க வேண்டும். வலையில் வேளா விழுவது மீனவரின் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. செத்த வேளாவோடு இறங்குதளத்துக்கு வந்தால் வழக்கு. கடலிலேயே கொம்பை ஒடித்து உடலைத் தள்ளிவிட்டால் கேள்வி இல்லை. எந்த ஆற்றுவாயில், எந்த மாதத்தில், எத்தனை அடி நீளக் குட்டி சிக்கியது என்ற தகவல்தான் பாதுகாப்புக்கு முதலில் தேவை. அதைத் தரக்கூடிய ஒரே ஆளின் வாயைச் சட்டமே அடைத்துவைத்திருக்கிறது. உலக அளவில் பேரபாயப் பட்டியலில் உள்ள ஒரு மீனைப் பற்றிய அறிவு, இப்படித்தான் கரைக்கு வெளியே தள்ளப்படுகிறது.

தண்டனையைக் குறைத்தால் வேளா பெருகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நிகராகுவா ஏரியில் வேளா 1970களின் வணிக வேட்டையில் சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. தாமஸ் தார்சன் என்ற ஆய்வாளர் எச்சரித்தார், 1980களின் தொடக்கத்தில் தடை வந்தது, கூட்டம் மீளவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கதை வேறு மாதிரி போயிற்று. அங்கே 1994இல் மக்கள் வாக்களித்து, கரையோர நீரில் செவுள்வலையை 1995 முதல் விலக்கினார்கள். வேளாவை நினைத்துச் செய்ததல்ல அது. 2003இல் அங்குள்ள சிறுபல் வேளா அழியும் இனமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் குட்டிகள் வளரும் இரண்டு பகுதிகளைச் சட்டப்படி வரையறுத்தார்கள். அந்த வரையறையை நம்மவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்: மூன்றடிக்கு மேற்படாத ஆழம், சுரபுன்னை வகை அலையாத்தி மரங்களின் ஓரம். மீனின் பெயரை எழுதியதோடு நிற்காமல், அது எந்த மரத்தடியில் ஒதுங்கும் என்றும் சட்டம் எழுதியது. இருந்தும் 2024இல் தென் ஃபுளோரிடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேளாக்கள் நீரில் சுழன்று சுழன்று செத்தன. வாழிடம் காத்தாலும் ஆபத்து விலகிவிடாது. காக்காவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

நம் பக்கம் பார்த்தால், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா உண்டு. பாக் விரிகுடாவில் 2022இல் ஆவுளியாவுக்கென 448 சதுர கி.மீ. ஒதுக்கினார்கள். பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் அவை பொருந்தும். வேளாக் குட்டிக்கு வேண்டியது சேறும் கலங்கலும் நன்னீரும். அதற்குரிய நிலம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரமாகவும், டெல்டாவின் தென்கோடியில் முத்துப்பேட்டையாகவும் இருக்கிறது. இரண்டையும் காடாகப் பார்த்துக் காக்கிறோம், பறவைக்காகவும் பார்க்கிறோம். அந்த வேர்களுக்கிடையே ஏறி இறங்கும் நீரை மீன் வளரும் தொட்டிலாக எந்த ஆவணமும் போதுமான அளவு பேசுவதில்லை.

நீர்தான் பெரிய சிக்கல். ஃபிட்ஸ்ராய் ஆய்வுகள் சொல்லும் முக்கியச் செய்தி, பெருவெள்ளம் நீடித்த ஆண்டுகளில்தான் குட்டிகள் ஆற்றில் எண்ணிக்கையாகச் சேருகின்றன என்பது. காவிரியில் அந்த வெள்ளத்தை நாம் நூறாண்டுக்கு மேலாகப் பூட்டி வருகிறோம். முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் ஆர்தர் காட்டன் காலத்தவை, மேட்டூர் 1934. பூம்புகாருக்கு மேலே மேலையூரில் கடைசிக் கதவணை. அதைத் தாண்டிக் கடலைச் சேரும் காவிரியைப் பார்க்கப் போகிறவர், பட்டினப்பாலையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாறுவார். பல மாதங்களில் அது ஒரு வாய்க்கால். கடலுக்குப் போகும் நீர் வீண் என்ற பேச்சு எல்லாக் கட்சி மேடைகளிலும் ஒன்றுபோலக் கைதட்டல் வாங்குகிறது. கழிமுகத்துக்கும் ஒரு பங்கு நீர் உண்டு என்று சொல்பவர் விவசாயிக்கு எதிரி ஆகிவிடுகிறார். கீழத்தஞ்சையின் கடைமடை உழவரிடம் கேட்டால், ஆற்றுவாயில் நன்னீர் தள்ளாதபோது உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்று அவரே சொல்வார். கழிக்கும் கடைமடைக்கும் இதில் பகை இல்லை.

இரண்டு தேதிகளை அருகருகே வைக்கிறேன். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மேட்டூர் அணை திறக்கும் மரபு நாள் ஜூன் 12. திறந்த நீர் கடைமடையைத் தொட வாரங்கள் ஆகும். அதாவது கழிமுகம் வறண்டு கிடக்கும் மாதங்களில் கடல் ஓய்கிறது. நன்னீர் வாய்க்கு வரும்போது எல்லா மடியும் நீரில் இருக்கிறது. வேளாவைப் பொறுத்தவரை இந்தத் தடைக்காலம் பஞ்சாங்கம் பார்க்காமல் வைத்த முகூர்த்தம். மேலும், கரையை ஒட்டிய நீரில் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்பது 1983ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். அது சரியாக நடந்தாலும், ஆற்றுவாயில் கிடப்பது சிறு படகுக்காரரின் வலைதான். பெரிய மடியால் குறைந்துபோன மீனுக்கான தியாகத்தை அவரிடம் கேட்பது நியாயமா என்ற எதிர்வாதம் வலுவானது. நியாயமில்லை, ஈடு கொடுக்காமல் கேட்டால்.

ஈடு கொடுத்துச் செய்த முன்னுதாரணம் நாட்டிலேயே இருக்கிறது. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் திமிங்கிலச் சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் வரை தந்தது. அறுத்ததற்குச் சான்றாகப் படகுக்காரரே எடுத்த படத்தை ஏற்றுக்கொண்டது. நூற்றுக்கணக்கில் மீன்கள் விடுவிக்கப்பட்டன. வேளா அவ்வளவு பெரிதும் அல்ல, சாதுவும் அல்ல; கொம்பு சுழலும்போது கை போகும். அதனால் இங்கே ஈட்டோடு பயிற்சியும் வேண்டும். கொள்ளிடம், வெள்ளாறு, கோரையாற்று வாய்களில், நீர் வரத்துள்ள வாரங்களுக்கு மட்டும் தங்கூசி வலையை எடுத்துவைக்க ஊர்ப் பஞ்சாயத்துகளோடு உடன்பாடு காணலாம். பரதவர் நிலா பார்த்துத் தொழிலை நிறுத்திய கரை இது. நாள் குறித்து நிறுத்துவது புதிய பழக்கம் ஆகாது.

அதற்கு முன் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. 2001க்கு முன்பு கிடைத்த கொம்புகள் வீடுகளிலும் வழிபாட்டிடங்களிலும் எஞ்சியிருக்கின்றன. பல்லை எண்ணினால் இனம் தெரியும். ஒரு துணுக்கைச் சுரண்டினால் மரபணு கிடைக்கும். கையிலுள்ள வனவிலங்குப் பொருளை அறிவிக்க 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. வேளாக் கொம்புக்கென்று அதே மாதிரி, வழக்கு இல்லை என்ற உறுதியோடு, இன்னொரு முறை கதவைத் திறக்கலாம். பறிமுதல் செய்ய வேண்டாம். கொம்பு வீட்டுக்காரரிடமே இருக்கட்டும். அளந்து, படமெடுத்து, எந்த ஆற்றுவாயில், யார் காலத்தில், என்ன வலையில் கிடைத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதும்.