ஷேக்கர் கதவும் தறிவீட்டு அடுப்படியும்

வந்தவாசியில் புதுவீடு கட்டுகிறவர்கள் இன்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: சமையலறை அலமாரிகளுக்கு எந்த மாதிரிக் கதவு? தச்சர் நீட்டும் மாதிரிப் புத்தகத்தில் வழவழப்பான மைக்கா, கண்ணாடி பதித்த அலுமினியச் சட்டம், பூவேலை இழைத்த கதவு, நாற்புறமும் சட்டமிட்ட ‘ஷேக்கர்’ என்று வரிசையாக இருக்கின்றன. வீட்டின் அமைப்புக்கு எது பொருந்தும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தினமும் துடைக்கப்போகிறவளுக்கு எது பொருந்தும் என்ற பேச்சு எழுவதில்லை. இந்தக் கதவுகளுக்கு வரலாறு உண்டு. அதில் பெண்களும் உண்டு.

நம் பழைய அடுப்படியில் கதவுகள் குறைவு. உறி, மாடம், பரண், அடுக்குப்பானை எல்லாம் கண்ணில் பட்டபடியே இருந்தன. கதவு போட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. வலையடித்த அலமாரி பூனையிடமிருந்து பாலைக் காத்தது. வசதியான வீடுகளில் உக்கிராண அறைக்குப் பூட்டு. சாவிக்கொத்து மாமியாரின் இடுப்பில். உலை வைக்கும் மருமகள் அரிசிக்குக் கேட்டு நிற்க வேண்டும். யாருக்கு அதிகாரம், யாருக்கு வேலை என்பதை அந்தக் கதவே சொல்லிவிடும்.

பக்கத்து ஆரணியின் பட்டு நெசவாளர் வீடுகளில் அமைப்பைத் தீர்மானித்தது தறி. வெளிச்சமும் இடமும் உள்ள முன்கூடம் தறிக்கு. புகையும் கரியும் பட்டில் படக்கூடாதென்று அடுப்பு பின்கட்டுக்கு. தார் சுற்றியவளும் சோறு வடித்தவளும் ஒரே பெண்தான். ஆனால் நெசவுக்கூலி பெரும்பாலும் தறியில் உட்கார்ந்தவர் பெயரிலேயே எழுதப்பட்டது.

மாதிரிப் புத்தகத்தில் இருக்கும் ‘ஷேக்கர்’ என்ற பெயரும் ஒரு நூல் ஊரிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பருத்தி ஆலையில் வேலை செய்து, பின்பு மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தவர் ஆன் லீ. பெற்ற நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். 1774இல் ஒரு சிறு குழுவோடு அமெரிக்கா சென்றார். அவர் வழிநடத்திய ஷேக்கர் சமூகம் மணவாழ்வை விலக்கியது. தலைமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம இடம் தந்தது. அலங்காரம் வேண்டாம் என்ற அவர்களின் கொள்கையில் பிறந்ததே நான்கு சட்டமும் நடுவில் ஒரு தட்டைப் பலகையுமான அந்தக் கதவு. ஆனாலும் சமையலும் சலவையும் அங்கேயும் பெண்களிடமே இருந்தன. ஒரு வித்தியாசம்: அவர்கள் முறைவைத்து மாறிமாறிச் செய்தார்கள்.

இன்றைய ஒட்டு அலமாரிகளுக்கு முன்னோடி 1926இல் ஜெர்மனியில் உருவான ‘பிராங்க்பர்ட் சமையலறை’. அதை வடிவமைத்த கட்டடக்கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அறை. பெண் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணி, எட்டும் தொலைவில் எல்லாவற்றையும் பொருத்தினார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். வேலையின் நேரத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் அந்த ஒருவர் யார் என்பது மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2006இல் அமைந்த அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு தந்தது. 2011இல் இலவச மிக்சி, கிரைண்டர் வந்தன. குந்திச் சமைத்தவர்கள் நின்று சமைக்க மேடை எழும்பியது. மேடைக்குக் கீழே இடம் கிடைத்தது. இடத்தை மறைக்கக் கதவு வந்தது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். சிலிண்டர் இருக்கும் அறைக்கு அழகுக்காக இறுக்கமான கதவு போடுவது ஆபத்து. கீழ்ப்பகுதியில் காற்றுப் போகத் துளையோ சாய்சட்டமோ வேண்டும்.

தினமும் தாளிக்கும் வீடு நம்முடையது. எண்ணெய்ப்புகை பூவேலையின் பள்ளங்களில் படிந்து பிசுக்காகும். எளிமைக்காகப் பிறந்த ஷேக்கர் கதவிலும் சட்டத்தின் உள்விளிம்பில் அழுக்கு சேரும். பளபளப்பான பரப்பில் ஒவ்வொரு கைத்தடமும் தெரியும். மங்கலான, தட்டையான மைக்காவோ ஒரே துடைப்பில் சுத்தமாகும். மேல் அலமாரி எட்டவில்லை என்றால் முக்காலி போட்டு ஏறப்போகிறவளும் அவள்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்கிற பெண் ஒரு நாளில் 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிடங்களை. பள்ளமுள்ள கதவைத் தேர்ந்தெடுப்பவர் அந்த 299இல் இன்னும் சிலவற்றைக் கூட்டுகிறார்.

ஆகவே மாதிரிப் புத்தகம் முதலில் அவள் கைக்கு வரட்டும். நான் இன்னொன்றும் கேட்பேன்: ஒருசில அலமாரிகளுக்காவது கதவே வேண்டாம், அல்லது கண்ணாடி போதும். எல்லாவற்றையும் மூடிவைத்த சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்ததாகிவிடுகிறது. உப்பு கண்ணுக்குத் தெரிகிற வீட்டில், “உப்பு எங்கே?” என்று கூடத்திலிருந்து யாரும் குரல்கொடுக்க முடியாது, எழுந்துவந்து எடுக்கத்தான் வேண்டும்.