மலை கடந்த வண்டு

ஆக்கிரமிப்பு வரலாறு என்றால் படைகளையும் தளபதிகளையும் பற்றியே எழுதிப் பழகிவிட்டோம். கனடாவின் மேற்குக் காடுகளில் நடந்த ஆக்கிரமிப்பில் ஈடுபட்டதோ, ஒரு நெல்மணியளவே உள்ள மலைப் பைன் வண்டு. இது வேற்று நாட்டிலிருந்து வந்ததல்ல. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியே இதன் தாயகம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹொப்கின்ஸ் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார்.

பெண் வண்டு பைன் மரப்பட்டையைத் துளைத்து உள்ளே புகும். மரம் பிசினைச் சுரந்து அதனை வெளியேற்ற முயலும். ஆனால் வண்டு வெளிவிடும் வாசனை ஆயிரக்கணக்கான வண்டுகளை அழைத்துவரும்போது மரம் தோற்றுவிடுகிறது. வண்டு சுமந்துவரும் பூஞ்சணம் நீரோட்டத்தைத் தடுக்கிறது. அடுத்த ஆண்டில் பச்சை இலைகள் செந்நிறமாகின்றன.

முன்னரும் இவ்வண்டு பெருகியதுண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் பகுதியில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய தாக்குதலை 1980களின் நடுப்பகுதியில் வந்த கடுங்குளிர் முடித்துவைத்தது. பட்டைக்குள் உறங்கும் புழுக்களைக் கொல்ல, நடுக்குளிர்காலத்தில் வெப்பநிலை மறை 40 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்க வேண்டும்.

1990களில் மீண்டும் பெருகியபோது அந்தக் குளிர் வரவில்லை. காட்டுத்தீயைப் பல தசாப்தங்களாக அணைத்துவந்ததால், வண்டு விரும்பும் முதிர்ந்த மரங்கள் பெருந்தொகையாக நின்றன. விளைவாக 18 மில்லியன் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட காடு பாதிக்கப்பட்டது. இது இலங்கையின் பரப்பளவைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். வெட்டி விற்கத்தக்க பைன் மரங்களில் பாதிக்கு மேல் மடிந்தன.

பட்ட மரங்கள் உளுத்துப் போகுமுன் வெட்டிவிட வேண்டுமென அரசு வெட்டு அளவை உயர்த்தியது. மர ஆலைகள் சிலகாலம் செழித்தன. 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கென ரிச்மண்டில் எழுந்த அரங்கின் கூரைக்கும் வண்டரித்த மரமே பயன்பட்டது. பின்னர் மரம் தீர்ந்தது, ஆலைகள் மூடப்பட்டன, அவற்றையே நம்பியிருந்த சிற்றூர்கள் தொழிலிழந்தன.

றொக்கி மலைத்தொடர் கிழக்கு நோக்கிய பரவலைத் தடுக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 2006இல் பெருந்திரளான வண்டுகளைக் காற்று மலைக்கு அப்பால் அல்பேர்ட்டாவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கு ஜக் பைன் என்னும் வேறோர் இன மரத்திலும் அவை குடியேறியமை 2011இல் மரபணு ஆய்வினால் உறுதியாயிற்று. இவ்வின மரங்கள் அத்திலாந்திக் கரையோர மாகாணங்கள் வரை பரந்துள்ளதால், கிழக்குக்கான பாதை திறந்துவிட்டதென அஞ்சினர்.

2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீசிய கடுங்குளிரும் தொற்றிய மரங்களைத் தேடி வெட்டிய பணியும் அல்பேர்ட்டாவில் வண்டுகளைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் அவை அழிந்துவிடவில்லை. தீயை அணைத்ததும் மனிதர். பூமியைச் சூடாக்கியதும் மனிதர். வண்டு தன் இயல்பின்படியே நடந்தது. குற்றப்பத்திரிகை எழுதுவதாயின் முதற்பெயர் வண்டினுடையதாக இருக்க முடியாது.