கேட்டலும் வடித்தலும்: 1936 சோவியத் யாப்பு விவாதம் பற்றிய ஒரு குறிப்பு

மக்களிடம் கருத்துக் கேட்டலையே சனநாயகத்தின் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவை முதலாளித்துவ நாடுகளின் தேர்தல் இயக்கங்களை முன்வைத்து எழுப்புதல் நமக்கு எளிது. அதே வினாவைப் பொதுவுடைமை இயக்கத்தின் சொந்த வரலாற்றில் எழுப்பும்போதுதான் நமது ஆய்வுமுறையின் நேர்மை சோதனைக்குள்ளாகின்றது. அந்நோக்குடனேயே 1936 ஆம் ஆண்டுச் சோவியத் அரசியல் யாப்பு விவாதத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

யாப்பின் நகல் 1936 யூன் 12 ஆம் திகதி வெளியிடப்பட்டது. அடுத்துவந்த ஐந்து மாதங்களில் தொழிற்சாலைகளிலும் கூட்டுப்பண்ணைகளிலும் எண்ணற்ற கூட்டங்கள் நடைபெற்றன. பங்குபற்றியோர் தொகை ஐந்து கோடிக்கும் அதிகமென அதிகாரபூர்வக் கணக்குக் கூறிற்று. இத்தொகை மிகைப்படுத்தப்பட்டதாயினும், விவாதம் வெறும் நாடகமன்று. 1991 இன் பின்னர் சுவடிக்கூடங்களில் ஆய்வாளர் விரிவாகப் பயின்ற கடிதங்களும் தொகுப்பறிக்கைகளும் மக்கள் தம் வாழ்வுநிலையிலிருந்தே பேசினர் என்பதைக் காட்டுகின்றன. முதுமையிலும் நோயிலும் ஆதரவு பெறும் உரிமையைக் கூறிய 120 ஆம் உறுப்புரை, அதற்கான அரச காப்புறுதியைத் தொழிலாளருக்கும் ஊழியருக்குமே உரியதாக்கியது. தமக்கும் அது வேண்டுமெனக் கூட்டுப்பண்ணை விவசாயிகள் இடந்தோறும் கேட்டனர். மக்கள் கேட்டன யாவும் முற்போக்கானவை என்பதற்கில்லை. மதகுருமாருக்கு வாக்குரிமை கூடாதென்றோரும் அவர்களிடையே இருந்தனர்.

இக்கருத்துக்கள் மாவட்டத்திலிருந்து மொஸ்கோ வரை படிப்படியாகத் தொகுக்கப்பட்டே மேலே சென்றன. நவம்பர் 25 ஆம் திகதி, சோவியத்துக்களின் எட்டாவது விசேட மாநாட்டில் உரையாற்றிய ஸ்டாலின் திருத்தங்களை வகைப்படுத்தினார். காப்புறுதி, கூட்டுப்பண்ணை முதலியன பற்றியவை நடைமுறைச் சட்டவாக்கத்துக்குரியவை, யாப்புக்குரியவையல்ல என்று ஒதுக்கப்பட்டன. இரு சபைகளினதும் உறுப்பினர் தொகை சமமாயிருத்தல் போன்ற சில திருத்தங்கள் ஏற்கப்பட்டன. குடியரசுகளின் பிரிந்துசெல்லும் உரிமையை நீக்குமாறும் மதகுருமாரின் வாக்குரிமையை மறுக்குமாறும் வந்த யோசனைகளை அவர் நிராகரித்தமையையும் நியாயம் கருதிக் குறிப்பிடல் வேண்டும். ஆயின் கூட்டுப்பண்ணை முறையையே கண்டித்தோரின் குரல் அம்மேடையில் ஒலிக்கவில்லை. அத்தகைய பேச்சுக்களை உள்நாட்டலுவல்கள் ஆணையகம் பகைமைக் கூற்றுக்களென வேறாகப் பதிவுசெய்தது. ஒரே கூட்டத்திற் பேசிய ஒருவரது சொல் திருத்தமாகவும் மற்றவரது சொல் குற்றச்சான்றாகவும் மாறின. டிசம்பர் 5 ஆம் திகதி யாப்பு ஏகமனதாக நிறைவேறிற்று.

பின்நிகழ்ந்தவை இவ்வடிப்பின் பொருளைத் தெளிவாக்குகின்றன. தேர்தலில் உயிர்ப்புள்ள போட்டி நிகழுமென 1936 மார்ச்சில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோய் ஹவார்டிடம் ஸ்டாலின் கூறியிருந்தார். 1937 டிசம்பர்த் தேர்தலிலோ தொகுதிக்கு ஒரு வேட்பாளரே நின்றார். யாப்பு ஆணைக்குழுவில் அங்கம் வகித்த புகாரின் 1938 மார்ச்சிற் சுட்டுக்கொல்லப்பட்டார். கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கான பொது ஓய்வூதியச் சட்டம் 1964 இலேயே நிறைவேறிற்று. நடைமுறைச் சட்டவாக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட கோரிக்கை அச்சட்டவாக்கத்தை அடைய 28 ஆண்டுகள் சென்றன.

இதனைத் தனியொருவரின் இயல்பாற் பிறந்த விளைவெனக் கூறி அமைதல் வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்காகாது. கைத்தொழிலாக்கத்துக்கான மூலதனத் திரட்சியின் பெரும்பாரத்தைக் கிராமமே சுமந்தது. விவசாயியின் ஓய்வூதியக் கோரிக்கை அத்திரட்சியின் அடிப்படையையே தொட்டது. ஆதலின் யாப்புக்குரியது, உரியதன்று என்ற பாகுபாடு வெறும் சட்ட நுணுக்கமன்று. அதற்குப் பொருளாதார உள்ளடக்கம் இருந்தது. பாசிச அபாயத்தைக் காட்டி இந்நிலையை நியாயப்படுத்துவோர் உளர். அவ்வபாயம் மெய்யானதே. எனினும் முதியவர் ஒருவர் ஓய்வூதியம் கேட்டமை எவ்வகையில் அரணைத் தகர்க்கும் என்பதற்கு அவர்கள் விடை கூறுவதில்லை.

கருத்துக் கேட்டலால் அரசு மக்களை நன்கறிந்துகொண்டது. அரசைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை மக்கள் அதனாற் பெறவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கமும் பத்திரிகையும் இல்லாதவிடத்துச் சுளகு ஒரு கையிலேயே இருந்தது; எது மணி, எது பதர் என்பதை அக்கையே தீர்மானித்தது. எத்தனை கோடிப் பேரிடம் கேட்கப்பட்டது என்பதன்று நாம் கொள்ளவேண்டிய அளவுகோல். தள்ளப்பட்ட கருத்துக்கு உரியவர் அது தள்ளப்பட்ட காரணத்தை அறியவும், அச்சமின்றி அதனை மீண்டும் எழுப்பவும் இயலுமா என்பதே அது. சோசலிச சனநாயகம் பற்றிப் பேசும் நாம் இவ்வளவுகோலை முதலில் நமது வரலாற்றின்மீதே வைத்துப் பார்த்தல் வேண்டும்.