எம்ஸ் தந்தி

சிக்கனம்தான் உரைநடையின் ஒழுக்கம் என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். வெட்ட வெட்ட உண்மை துலங்கும் என்பது நம்மிடையே எழுதப்படாத சூத்திரம். மதிப்புரைகளில் நானும் இதையே அளவுகோலாக வைத்து வந்திருக்கிறேன். இந்த நம்பிக்கையைக் குலைத்தது கவிதையோ நாவலோ அல்ல. 1870 ஜூலை 13ஆம் தேதி பெர்லினில் திருத்தப்பட்ட ஒரு தந்தி.

ஸ்பெயினில் 1868இல் ராணி இஸபெல்லா துரத்தப்பட்டபின் சிம்மாசனம் காலியாகக் கிடந்தது. ஹோஹென்ஸோல்லெர்ன் வம்சத்தின் கத்தோலிக்கக் கிளையைச் சேர்ந்த லியோபோல்டின் பெயர் அதற்கு அடிபட்டது. வம்சத்தின் தலைவர் பிரஷ்ய மன்னர் முதலாம் வில்ஹெல்ம். கிழக்கிலும் தெற்கிலும் ஒரே குடும்பமா என்று பாரிஸ் கொதித்தது. ஜூலை 12இல் லியோபோல்டின் தந்தை, மகன் சார்பில் விலகலை அறிவித்துவிட்டார். பிரான்ஸ் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வெளிநாட்டு மந்திரி கிராமோனுக்கு அது போதவில்லை. இனி எக்காலத்திலும் இப்படியொரு ஏற்பாட்டுக்குச் சம்மதம் தரமாட்டேன் என்று மன்னர் வாக்குத் தரவேண்டும் எனக் கேட்கும்படி தூதர் பெனெடெட்டிக்கு உத்தரவு போயிற்று.

மன்னர் அப்போது எம்ஸ் என்ற ஊற்றுநீர்த் தலத்தில் இருந்தார். காலையில் உலாவும்போது பெனெடெட்டி அவரை எதிர்கொண்டு கேட்டார். என்றென்றைக்குமான வாக்கு எதையும் தரமுடியாது என்று மன்னர் சற்றுக் கண்டிப்பாகவே மறுத்தார். பிறகு விலகலை உறுதிப்படுத்தும் கடிதம் வந்து சேர்ந்தது. விஷயம் முடிந்துவிட்டதால் தூதரை மறுபடி சந்திக்கத் தேவையில்லை என்று தீர்மானித்து, கடிதம் வந்த செய்தியையும், மேற்கொண்டு சொல்ல ஏதுமில்லை என்பதையும் தம் அட்ஜுடண்ட் மூலம் சொல்லியனுப்பினார். இவ்வளவையும் அபெகென் என்ற அதிகாரி பிஸ்மார்க்குக்குத் தந்தியடித்தார். பத்திரிகைகளுக்குத் தருவதா என்பதை பிஸ்மார்க்கே முடிவு செய்யலாம் என்ற மன்னரின் அனுமதியும் அதிலேயே இருந்தது.

பிஸ்மார்க் புதிய பொய் எதையும் அதில் எழுதவில்லை. வெட்டினார். கடிதம் வந்த சங்கதி போயிற்று. காலைக்கும் அதற்குப் பிந்திய செய்திக்கும் நடுவிலிருந்த பொழுது போயிற்று. மிஞ்சியது இதுதான்: தூதர் வாக்குக் கேட்டார், மன்னர் அவரை மறுபடி சந்திக்க மறுத்து, சொல்ல ஏதுமில்லை என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். மூலத்தில் சந்திக்காததற்குக் காரணம் காரியம் முடிந்துவிட்டது என்பது. திருத்திய பிரதியிலோ சந்திக்க மறுத்ததே கோரிக்கைக்குப் பதிலாகிவிடுகிறது. எந்த ஒரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பொய் என்று நிரூபிக்க முடியாது. வாக்கியங்களின் உறவில்தான் பொய் இருக்கிறது.

அன்று மாலையே பெர்லின் பத்திரிகையொன்றின் சிறப்பிதழில் அது வெளிவந்தது. மறுநாள் பாரிஸில். அட்ஜுடண்ட் என்பது ஜெர்மன் அரசவையில் உயர்ந்த ராணுவப் பதவி. பிரெஞ்சில் அதே சொல்லுக்குக் கீழ்நிலைப் படையதிகாரி என்றுதான் அர்த்தம். ஹவாஸ் செய்தி நிறுவனம் சொல்லை அப்படியே விட்டுவிட்டது. எங்கள் தூதரிடம் ஒரு சார்ஜெண்டை அனுப்பினார்களா என்று பாரிஸ் படித்தது. எங்கள் கிழவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டானா என்று ஜெர்மனி படித்தது. ஒரே பிரதியில் இரண்டு அவமானங்கள். அதே 14ஆம் தேதி எம்ஸ் ரயில் நிலையத்தில் மன்னரும் பெனெடெட்டியும் மரியாதையாகவே விடைபெற்றுக்கொண்டார்கள் என்பதைப் படிக்க எவருக்கும் பொறுமையில்லை.

ஜூலை 19இல் பிரான்ஸ் யுத்தப் பிரகடனம் செய்தது. செப்டம்பர் 2இல் செடானில் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தார். இரண்டு நாளில் பாரிஸில் குடியரசு. 1871 ஜனவரி 18இல் வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனமாயிற்று. 500 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு; அல்ஸாஸும் லொரேனின் ஒரு பகுதியும் கைமாறின.

ஒரு தந்தியால் யுத்தம் மூண்டது என்று சொல்வது பள்ளிக்கூடச் சரித்திரம். தந்தி ஒரு வாசகனுக்காகத் தயாரிக்கப்பட்டது. அந்த வாசகன் ஏற்கெனவே தயாராக இருந்தான். வாசகனே பிரதியைப் பூர்த்தி செய்கிறான் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பாரிஸ் வாசகன் அந்த இடைவெளியைத் தன் அகங்காரத்தால் பூர்த்தி செய்தான். பிரதம மந்திரி எமில் ஒலிவியே, இந்தப் பொறுப்பை இலேசான மனத்துடன் ஏற்பதாகச் சபையில் சொன்னார். அந்தச் சொல் சாகும்வரை அவரைத் துரத்தியது.

மூலப் பிரதி ஜெர்மன் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது 1892இல்தான். பிஸ்மார்க் இறந்த 1898இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அந்த இரவுச் சாப்பாடு ஒரு நாடகக் காட்சியாக வருகிறது. வாடிப்போயிருந்த மோல்ட்கேயும் ரூனும் திருத்திய தந்தியைக் கேட்டதும் உற்சாகம் பெற்று மறுபடி உண்ணத் தொடங்குகிறார்கள். நன்றாகச் சொல்லப்பட்டிருப்பதாலேயே இதையும் நம்பிவிடுகிறோம். தந்தியைத் திருத்தியவர் தன் வாழ்க்கையையும் திருத்தியிருக்க மாட்டாரா?

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களின் புகார்களை மேலிடத்துக்குச் சுருக்கி எழுதும் வேலை அவ்வப்போது எனக்கு வரும். ஒரு முதியவரின் இரண்டு பக்கத்தை மூன்று வரியாக்கினேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அவர் கோபப்பட்டதற்கான காரணம் விழுந்துவிட்டது. கோபம் மட்டும் மிஞ்சியது. வாசித்துப் பார்த்தபோது அவர் வெறும் சண்டைக்காரராகத் தெரிந்தார். நடை என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது.

ஜூலை 15இல் பிரெஞ்சுச் சபையில் கிழவர் தியேர் எழுந்து, கேட்டது கிடைத்தபின் மானப் பிரச்சினைக்காகச் சண்டையா, ஆவணங்களைக் காட்டுங்கள் என்றார். கூச்சலில் அவர் குரல் அமுங்கிப்போயிற்று. அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கில்லை. 1871 மே மாதம் பாரிஸ் கம்யூனை ரத்தத்தில் முக்கியது அவருடைய அரசாங்கம்தான். ஆனால் அந்த ஒரு நாள் அவர் செய்தது விமர்சகனின் வேலை. மூலத்தைக் கேட்ட அந்த மனிதர்தான் 1871 பிப்ரவரியில் வெர்சாயில் பிஸ்மார்க்கின் எதிரே உட்கார்ந்து, இழந்ததற்குப் பேரம் பேசிக் கையெழுத்திட வேண்டியிருந்தது.