எயினர் வேட்டை

எரியோட்டிலிருந்து கிழக்கே சென்றால் அய்யலூர்க் குன்றுகள். அவற்றுக்கு வடபால் கடவூர் மலைகள். முன்னொரு நாள் மாணவர்களை அக்குன்றுகளின் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, ஒருவன் கேட்டான்: "ஐயா, அக்காலத்து வேடர்கள் ஓர் அம்பாலேயே மானை வீழ்த்திவிடுவார்களாமே, மெய்தானா?" அவன் மனத்தில் இருந்தவன் வல்வில் ஓரி. கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி எய்த ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியின் வாயினூடு சென்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டிற் பாடியிருக்கிறார். பாடநூலிற் படித்ததை அப்படியே நம்பிய பிள்ளை அவன்.

அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை அரைகுறையானது. இன்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அப்பாட்டு, பரிசில் பெற வந்த பாணர் கூட்டம் வள்ளலைப் புகழ்ந்த பாட்டு. புகழ்ச்சியை வரலாறாகக் கொள்ளலாகாது. வரலாறு வேண்டுவோர் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்ட வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது அது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அதனை உ. வே. சாமிநாத ஐயர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். அதில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. குழந்தை ஈன்ற தாய் மான்தோலிற் படுத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்புப்பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். ஆடவர் எங்கே? மானின் அடிச்சுவடு பதிந்த வழிகளுக்கு அருகே, நீர் வேட்கையால் விலங்குகள் வந்து சேரும் இடத்தில், குழி தோண்டி அதனுள் ஒளிந்து ஒடுங்கியிருக்கிறார்கள். வளைந்த கொம்புடைய பன்றி எப்பொழுது வரும் என்று நள்ளிரவில் பார்த்திருக்கிறார்கள். ஓரியின் கணையைப் போல் பறந்து செல்வது எதுவும் இங்கே இல்லை. இருப்பது காத்திருப்பு ஒன்றே.

ஏன் இவ்வாறு காத்திருக்க வேண்டும்? இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மரவில்லிலிருந்து புறப்படும் அம்போ நொடிக்கு 50 மீட்டர் அளவே செல்லக்கூடியது. 40 மீட்டருக்கு அப்பால் மேயும் மானின் செவியில் நாணொலி உடனே விழுந்துவிடுகிறது. அம்பு அதன்பின் அரை நொடிக்கு மேல் கழித்தே வந்து சேர்கிறது. அதற்குள் மான் துள்ளிவிடும். மார்பிற் படவேண்டிய அம்பு வயிற்றிற் படும். அவ்விலங்கு புதரில் ஒளிந்து நெடுநேரம் துன்புற்று மடியும். ஆகையால் வில்லாளன் மிக நெருங்கியாக வேண்டும். நெருங்கினாலோ மானின் மூக்கு இருக்கிறது. காற்று அவன் பக்கமிருந்து மான் பக்கம் வீசுமாயின் அன்றைய முயற்சி முடிந்தது.

இதற்கு எயினர் கண்ட இன்னொரு வழியும் அதே பாட்டில் இருக்கிறது. குடில் முற்றத்து விளாமரத்தில் ஒரு 'பார்வை' கட்டப்பட்டிருக்கிறதாம். பார்வை என்பது காட்டு மானை அருகே ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்த மான். அந்த ஒரு சொல்லை மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இத்தகைய சூழ்ச்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யாஹி என்னும் சிறு குலத்தார் வெள்ளையர் குடியேறிய காலத்தில் கொன்றொழிக்கப்பட்டனர். எஞ்சிய ஒருவர் 1911ஆம் ஆண்டு ஓரோவில் என்ற ஊரருகே பசியோடு வெளிப்பட்டார். அவரை 'இஷி' என்று அழைத்தார்கள். அவர் மொழியில் 'மனிதன்' என்பதே அதன் பொருள். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவர் தங்கியிருந்தபோது, சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடம் மாணவராகி வில்வித்தை பயின்றார். அங்கே உள்ளவை கழுதைச் செவி போன்ற நீண்ட செவியுடைய 'மியூல்' மான் இனத்தைச் சேர்ந்தவை. வேட்டைக்கு முதல் நாள் இஷி மீன் உண்ணமாட்டார், புகை பிடிக்கமாட்டார். விடியலில் நீராடி மணமுள்ள இலைகளை மேனியில் தேய்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு புறப்படுவார். பாடம் செய்த மான்தலை ஒன்றைத் தலையிற் சூடிப் புதர்மறைவிலிருந்து மெல்ல அசைத்து மானை அருகே வருவிப்பார். நம் எயினர் முற்றத்துப் பார்வையும் இதுவும் ஒன்றே அல்லவா? காசநோயால் 1916இல் இஷி மறைந்தார். போப் 1923இல் வில்வேட்டை பற்றி நூல் வெளியிட்டார். இன்று அந்நாட்டில் அரசு நிலங்களில் உரிமம் பெற்று வில்லோடு செல்லும் ஆயிரக்கணக்கானோர்க்கு அந்த நூலே முன்னோடி. அழிக்கப்பட்ட ஒரு குலத்தின் கல்வி, அழித்தவர் வழியினர்க்குப் பொழுதுபோக்காயிற்று; எனக்கு அது எளிதில் விழுங்கக்கூடிய செய்தியாக இல்லை.

எயினர்க்கு வேட்டை பொழுதுபோக்கன்று. ஆயினும் எல்லை இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், கண்ணப்பராகப் பின்னர் விளங்கிய திண்ணனாரின் முதல் வேட்டையைப் பாடும்போது, அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருவுற்று நடைதளர்ந்த பிணைமான்களை வருத்தவில்லை என்று நிறுத்திச் சொல்கிறார். கவிஞர் கருணையினாற் சேர்த்தது என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அடுத்த ஆண்டும் அதே காட்டில் உண்ண வேண்டியவன் வகுத்துக்கொண்ட கணக்கு அது.

அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் வேட்டையையும் கண்ணி வைத்தலையும் கட்டுப்படுத்தியது. குடியிருந்தவனுக்கு அன்றே காடு அயலாயிற்று. துப்பாக்கி உரிமம் உடைய துரைமார்களும் ஜமீன்தார்களும் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், வில்லாயினும் துப்பாக்கியாயினும் இந்நாட்டில் மான்வேட்டை குற்றமே. அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளும் உட்பட 11,806 எக்டேர் பரப்பு 2022 அக்டோபரில் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்த இரவு விலங்குக்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுவே.

இன்றும் நம் மாவட்டத்தில் ஆண்டுக்கொரு முறை அம்பு எய்கிறார்கள். விசயதசமியன்று பழனியையடுத்த கோதைமங்கலத்துக்கு முருகன் எழுந்தருள, அங்கே அம்பு போடும் சடங்கு நடைபெறுகிறது. சுற்றிலும் மக்கள் கூட்டம் அலைமோதும். அம்பு எய்தபின் சுவாமி அங்கிருந்து புறப்படுவார்.