அடையாற்றுப் பேழையும் திருச்சபையின் சாட்சியும்

சென்னை நகரின் சமய வரலாற்றில், 1884ஆம் ஆண்டு எழுந்த அடையாறு விவகாரத்தைப் போலப் பரபரப்பூட்டிய நிகழ்ச்சிகள் சிலவே. பிரம்மஞான சபையை நிறுவியோருள் ஒருவராகிய பிளவாட்ஸ்கி அம்மையாருக்கு 'மோசக்காரி' என்னும் அவப்பெயர் நிலைபெற்றது அதன் பின்னர்தான். அதற்கு வழிவகுத்தது ஒரு கிறிஸ்தவ இதழ் ஆதலின், இந்நிகழ்ச்சி நமக்குப் புறம்பானதன்று. அவ்வம்மையார் எதனால் இழிபெயர் எய்தினார்? அதனை வெளிக்கொணர்ந்த திருச்சபை பெற்ற பயன் யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. பின்னணி

எலேனா பெத்ரோவ்னா பிளவாட்ஸ்கி 1831இல், அன்றைய ருசியப் பேரரசில், உயர்குடியில் பிறந்தவர். 1875இல் கர்னல் ஆல்காட் முதலியோருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1879இல் ஆல்காட்டுடன் பம்பாய் வந்தார். அடுத்த ஆண்டு இலங்கையிலுள்ள காலி நகரில் இருவரும் பௌத்தரின் பஞ்சசீலத்தை ஏற்றனர். 1882இன் இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. கீழைச் சமயங்களில் பேரறிவு பொதிந்துள்ளது என்றும், அவற்றை விட்டு அயற்சமயம் புகவேண்டுவதில்லை என்றும் மேனாட்டாரே மேடையேறி முழங்கினர். அது கேட்டுப் படித்த இளைஞர் தலைநிமிர்ந்தனர், மிஷனெரிமார் கலங்கினர்.

போதனையோடு நின்றிருந்தால் அது கொள்கைப் பூசலாகவே முடிந்திருக்கும். ஆனால் அம்மையார், இமயத்திற்கு அப்பால் கூட் ஹூமி, மோர்யா என்னும் மகாத்மாக்கள் வாழ்வதாகவும், அவர்கள் தம் வாயிலாகச் செயல்படுவதாகவும் கூறினார். அவர் இருக்குமிடத்தில் கடிதங்கள் வெறுவெளியிலிருந்து விழுந்தன எனப்பட்டது. அடையாற்றில் அவருடைய படுக்கையறையை அடுத்த அறையில், சுவரையொட்டி ஒரு மரப்பேழை இருந்தது. அதனுள் அன்பர்கள் இட்ட கடிதங்கள் மறைந்து, மகாத்மாக்களின் மறுமொழிகள் தோன்றின. உடைந்த பீங்கான் தட்டொன்று பேழைக்குள் வைக்கப்பட்டு முழுத் தட்டாக வெளிவந்தது என்னும் செய்தியும் பரவியது.

2. விவகாரம்

ஐயம் 1883இலேயே தோன்றிவிட்டது. சின்னெட் என்பவர் 1881இல் வெளியிட்ட நூலில் கூட் ஹூமியின் கடிதம் ஒன்று இடம்பெற்றிருந்தது. அதிலுள்ள ஒரு பகுதி தாம் 1880இல் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஹென்றி கிடில் என்பார் எடுத்துக்காட்டினார். சபையார் விளக்கம் கூறினும் ஐயம் தீரவில்லை.

அடையாற்று இல்லத்தை நிருவகித்து வந்தவர் எம்மா கூலோம். அம்மையாரைக் கெய்ரோ நகரில் முன்பே அறிந்தவர். அவருடைய கணவர் தச்சுவேலை அறிந்தவர். 1884இன் தொடக்கத்தில் அம்மையாரும் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றிருந்தபோது, நிருவாகக் குழுவினர் மே மாதத்தில் அவ்விருவரையும் வெளியேற்றினர். கூலோம் தம்பதியர் மிஷனெரிமாரை அணுகினர். செப்டம்பர் மாதத்தில், ஜார்ஜ் பாட்டர்சன் ஆசிரியராயிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ், அம்மையார் எழுதியவை எனச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. சித்துகளை எவ்வாறு நிகழ்த்த வேண்டும் என எம்மாவுக்கு அவர் அறிவுறுத்துவதாக அவை அமைந்திருந்தன.

அம்மையார் அவற்றைப் போலி என மறுத்தார். சுவரில் காணப்பட்ட மறைகதவுகள் அவர் புறப்பட்ட பின்னர் கூலோம் செய்தவை என்றனர் சபையார். ஆயினும் பேழை அழிக்கப்பட்டுவிட்டமையால், அதனைப் பிறர் சோதித்தறிய இயலாமற் போயிற்று. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்துவந்த இலண்டன் கழகம் ஒன்று ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. 1885இன் இறுதியில் வெளிவந்த அவருடைய அறிக்கை, அம்மையாரை வரலாறு கண்ட தேர்ந்த ஏமாற்றுக்காரருள் ஒருவராகக் காட்டியது. அதற்கு முன்னரே, 1885 மார்ச் மாத இறுதியில், அவர் நோயுற்றவராய்ச் சென்னையை விட்டுப் புறப்பட்டார். 1891இல் இலண்டனில் இறக்கும்வரை இந்தியாவுக்குத் திரும்பவில்லை.

3. அவப்பெயரின் காரணம்

மறைபொருள் வித்தையில் ஈடுபட்டமை மட்டுமே இவ்வவப்பெயருக்குக் காரணமன்று. அவ்வித்தையில் ஈடுபட்டோர் அந்நாளில் பலர் இருந்தனர். தம் போதனையின் உண்மைக்குச் சித்துகளைச் சான்றாக நிறுத்தியமையே காரணம். சான்று ஐயத்திற்குள்ளானபோது, சாற்றியவரின் பெயரும் அதனோடு வீழ்ந்தது.

எனினும் நீதியைக் கருதி மற்றொன்றும் கூறவேண்டும். 1986இல், ஆவண ஆய்வில் வல்லவரான வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே கழகத்தின் இதழில் அவ்வறிக்கையைக் கடுமையாகக் குறைகூறினார். ஹாட்ஜ்சன் நடுவராயன்றிக் குற்றஞ்சாட்டும் வழக்கறிஞராய் நடந்துகொண்டார் என்பது அவர் முடிவு. கூலோம் கடிதங்களின் மூலப்படிகளும் இன்று ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. இதனால் சித்துகள் மெய்யாகிவிடமாட்டா. ஆனால் வழக்கு முற்றும் முடிந்துவிட்டதெனவும் நாம் இறுமாந்திருத்தல் தகாது.

4. திருச்சபை பெற்ற பயன்

1884 டிசம்பரில் அம்மையார் சென்னை திரும்பியபோது, மாணவர்கள் அவருக்கு ஆரவார வரவேற்பளித்தனர். அவர்களுள் கிறிஸ்தவக் கல்லூரி மாணவரே பலர் இருந்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. தம் முன்னோர் மரபை மதித்தவரை மிஷனெரிமார் வீழ்த்த முனைந்ததாகவே அவர்கள் அந்நிகழ்ச்சியைக் கண்டனர். வேலையிழந்து பகைகொண்டு வந்தவரின் சாட்சியத்தைத் திருச்சபை சார்ந்த இதழ் ஏற்றமை அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது.

சபையும் அழியவில்லை. 1893இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியா வந்தார். 1907இல் அதன் தலைவரானார். 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஆல்காட் 1894இல் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கென அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தம் தழுவுதற்கும் துணைநின்றார். பேழை போயிற்று, தன்மதிப்பை நாடிய மக்களின் பசி போகவில்லை. மிஷனெரிமார் பேழையைக் கண்டனர். பசியைக் காணத் தவறினர்.

5. நமக்குரிய படிப்பினை

வேப்பம்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஆலைப் பகுதிகளில் ஊழியம் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். நிலையான வேலையின்றி, கடனிலும் நோயிலும் உழலும் மக்கள் மந்திரவாதியையும் நாடுகின்றனர். அற்புத சுகமளிக்கும் கூட்டங்களையும் நாடுகின்றனர். முதலாவதைப் பொய்யென ஆராயும் நாம், இரண்டாவதில் இயேசுவின் பெயர் இருப்பதால் வாய்மூடியிருக்கின்றோம். சுகமடைந்ததாகச் சாட்சி கூறியவர் அடுத்த மாதம் அதே நோயால் மரித்தால், அவ்வீட்டாருக்கு நாம் என்ன சொல்லக்கூடும்?

அடையாளம் நிறைவேறினாலும் போதனையைச் சோதித்தறிய வேண்டும் என்று உபாகமம் 13ஆம் அதிகாரம் கட்டளையிடுகின்றது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்துத் தம்மை மெய்ப்பிக்க ஆண்டவர் மறுத்தார். பவுலடிகளார் 2 கொரிந்தியர் 4ஆம் அதிகாரத்தில் தந்திரத்தை விலக்கி, உண்மையை வெளிப்படுத்துவதையே ஊழியத்தின் நற்சாட்சியாக வைக்கின்றார். ஆகவே அடையாற்றுப் பேழைக்கு வைத்த அளவுகோலை நம் மேடைகளுக்கும் வைப்போமாக. மந்திரவாதியின் வாசலில் நிற்கும் மனிதனின் துயரை முதலில் கேட்போமாக. இவ்விரண்டையும் செய்யாத திருச்சபை பிறருடைய பொய்யை வெளிப்படுத்தினாலும், அதன் சாட்சியை நம்புவார் இரார்.