மூணாற்றின் கிழக்கு வாசல்

நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கி மூணாறு விடுதிக்குச் செல்வோர் வாடகைக் காரை முன்பதிவு செய்துகொள்கிறார்கள். கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஆனால், நேரியமங்கலத்திலிருந்து அடிமாலி வழியாக ஏறும் இச்சாலை 1924க்கு முன் இல்லை.

அன்று மூணாற்றுக்கு வாசல்கள் இரண்டு. மேற்கே, ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக ஒரு பழைய சாலை. தேயிலை இறங்கியதோ கிழக்கே. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, இழுத்தவை மாடுகள்! 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதை ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம், பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். தேயிலைப் பெட்டிக்கு இத்தனை ஏற்பாடு. கங்காணியின் பின்னால் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் மலையேறியது கால்நடையாக.

1924 ஜூலை வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’) இரு வாசல்களையும் சிதைத்தது. ரயில் மீண்டும் போடப்படவில்லை. மேற்கே மட்டும் நேரியமங்கலம் வழியாகப் புதுச்சாலை எழுந்தது; 1935இல் பெரியாற்றுப் பாலம் திறக்கப்பட்டது. இன்றைய கார் கடப்பது அப்பாலத்தின் வழியையே.

டாப் ஸ்டேஷனில் இப்போது ஸ்டேஷன் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாகிவிட்டது. சுற்றுலாக் கார்கள் டாப் ஸ்டேஷனைக் காட்சி முனையாகக் காட்டித் திரும்புகின்றன. அங்கு நின்றால் கீழே தெரிவது தேனிச் சமவெளி. தோட்டத் தமிழர் பலரின் பாட்டன்மார் ஏறி வந்த பக்கம்.